மூன்று படிகளுக்கு ஒரு கைப்பிடி

மெல்பர்ன்
3 மார்ச் 2007

அன்புள்ள மெர்வின்,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்; இல்லையென்றால் நம் மகள் ஜில் சொல்லியிருப்பாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தவிர உனக்கு நான் எதுவும் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஜனவரியில் விழுந்துவிட்டேன். எங்கே என்று நீ கேட்க வேண்டியதில்லை. கூடத்துக்கு இறங்கும் அந்த மூன்று படிகளில்தான். நீ அதைத் தாழ்கூடம் என்பாய், நான் பள்ளம் என்பேன். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "இந்தப் படியில கைப்பிடி போடலன்னா நீங்க தனியா இருக்கறது சரிப்படாது, டாஃப்னி" என்றாள். மே மாதம் பத்தாம் தேதி மறுபடி வருவாளாம். அதற்குள் கைப்பிடி இல்லையென்றால், ஜில் எனக்காகப் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்துக்கு நான் பெட்டி கட்ட வேண்டும். அங்கே எல்லா அறைக்கும் ஒரே ரோஜா நிறத் திரைச்சீலை. ஆயிரம் பேர் வந்து இழுத்தாலும் நான் போகப்போவதில்லை.

விக் என்று ஒரு தச்சர் கிடைத்தார். அரை நாள் வேலைதான் என்றார். அவர் வருவதாக இருந்த அன்று காலையில் நகரசபையிலிருந்து கிர்ஸ்டி என்ற பெண் வாசலில் வந்து நிற்கிறாள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய நவீன வீடுகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கிறார்களாம். யாரோ நம் வீட்டைப் பரிந்துரைத்திருக்கிறார்களாம். முடிவாகும்வரை உள்ளேயும் வெளியேயும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதாம். அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் நான்கு மாதம் ஆகுமாம்.

"யாரும்மா எழுதிப் போட்டது?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்றதுக்கு எங்களுக்கு அனுமதி இல்லைங்க" என்றாள்.

நீயா, மெர்வின்? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்.

டாஃப்னி


ஹோபார்ட்
12 மார்ச் 2007

அன்புள்ள டாஃப்னி,

உன் மணிக்கட்டைப் பற்றி உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதே என்று நீதான் தடுத்திருப்பாய்.

அந்தப் பரிந்துரை விஷயம். இந்தக் காலத்தில் நம் வீட்டைப் போன்றவற்றை ரசிக்கிறவர்கள் நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் கேமராவும் கையுமாகத் தெருத் தெருவாக அலைகிறார்களாம். அவர்களில் யாராவது எழுதியிருக்கலாம். உனக்குத் தெரிந்ததுதான், நான் வரைந்த பதினொரு வீடுகளில் பத்து போய்விட்டன. கடைசியாகப் போனது கடற்கரைச் சாலையில் பல் டாக்டருக்குக் கட்டியது. இப்போது அந்த இடத்தில் ரோமாபுரித் தூண்களும் வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்களும் நிற்கின்றன. மிச்சம் இருப்பது நீ குடியிருப்பது ஒன்றுதான்.

ஒரு கைப்பிடிக்கு இத்தனை அவசரமா என்று யோசித்துப் பார்த்தேன். கைப்பிடி என்ற பெயரில் தாழ்கூடத்தையே கான்கிரீட் கொட்டி மேடாக்கும் எண்ணம் ஏதும் இல்லையே? தனக்கு ஒரு வீட்டுத் தரகரைத் தெரியும் என்று ஜில் ஒரு முறை சொன்னாள். அது என் நினைவில் இருக்கிறது.

விக் என்பவர் யார்? எத்தனை நாள் பழக்கம்? கூடத்தை இப்போது இருக்கிறபடி ஒரு படம் எடுத்து அனுப்பினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
மெர்வின்


மெல்பர்ன்
20 மார்ச் 2007

அன்புள்ள மெர்வின்,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். "நான் இல்லை" என்று எங்கேயும் எழுதவில்லை. உன் வழக்கமே அதுதான். ஆறு மாத வேலை என்று ஹோபார்ட்டுக்குக் கிளம்பிப் போனாயே, திரும்பி வரமாட்டேன் என்று ஒரு நாளாவது சொன்னாயா? சொல்லாமலே இருபத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டாய்.

கிர்ஸ்டி அந்தப் பரிந்துரையின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெயரை மட்டும் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில், "சமையலறைக் கதவு கடுகு மஞ்சள் நிறம், கூடத்தின் சாம்பல் சுவரை அந்த ஒரு கதவுதான் உயிரோடு வைத்திருக்கிறது" என்று இருக்கிறது. நீ ஊரைவிட்டுப் போன மறு வருஷம், 1979இல், நான் அந்தக் கதவுக்கு வெள்ளை அடித்தேன். மூன்று பூச்சு. அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்துக்கு நான்காவதும் அடித்திருப்பேன், பெயிண்ட் தீர்ந்துவிட்டது. ஆக, இதை எழுதிய புண்ணியவான் 1978க்குப் பிறகு இந்த வீட்டுக்குள் கால் வைக்காதவன். அப்படிப்பட்ட ஆள் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீயே சொல்.

பாவம், கிர்ஸ்டி குழம்பிப் போயிருந்தாள். "கதவு வெள்ளையா இருக்கே, தப்பான வீட்டுக்கு வந்துட்டனோன்னு நினைச்சேன்" என்றாள்.

உனக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். 1963இல் ஜில் அதே படிகளில் உருண்டு விழுந்தாள். மூன்று வயது. நெற்றியில் நான்கு தையல். அன்றைக்கே கைப்பிடி கேட்டேன். "கைப்பிடி போட்டா அந்தக் கோடு செத்துடும், டாஃப்னி" என்றாய். ஜில் இன்னமும் முடியை முன்னால் வெட்டிவிட்டுத்தான் அந்தத் தழும்பை மறைக்கிறாள்.

கிர்ஸ்டி கெட்டவள் இல்லை. அவளுக்கும் என்மேல் இரக்கம்தான். "ஒரிஜினல் பிளான்லயே கைப்பிடி இருந்தா, அதைப் போட அனுமதியே வேணாம். ஆனா எங்க ஃபைல்ல இருக்கற எட்டுப் படத்துலயும் இல்ல. தச்சருக்குன்னு தனியா வரைஞ்சது ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். எதுவும் இல்லை, எல்லாம் பெட்டியோடு ஹோபார்ட்டுக்குப் போய்விட்டன என்றேன். அந்தப் படங்களிலும் கைப்பிடி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கோடு நீ போட்டாய், அவற்றில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் நான்தானே எழுதினேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். உன் தாழ்கூடம் அப்படியே இருக்கிறது, நான்தான் அதற்குள் இறங்க முடியாமல் இருக்கிறேன். விக்குக்கு அறுபத்தெட்டு வயது. ஸ்கோன் ரொட்டி என்னைவிட நன்றாகச் சுடுவார். உனக்கு இதற்குமேல் தெரிய வேண்டியதில்லை.

டாஃப்னி


ஹோபார்ட்
29 மார்ச் 2007

அன்புள்ள டாஃப்னி,

ஆமாம், நான்தான்.

பல் டாக்டர் வீட்டை இடித்த அன்று யாரோ ஒருவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். புல்டோசருக்குப் பக்கத்தில் என் ஜன்னல் சட்டங்கள் குவிந்து கிடந்தன. அடுத்து நம் வீடுதான் என்று பட்டது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்றுவிடுவாய் என்று பயந்து, கேட்காமலே எழுதிவிட்டேன். நீ விழுந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்றே நகரசபைக்குத் தொலைபேசி செய்தேன். பரிந்துரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "ஒரு தடவை உள்ள வந்துட்டா அவ்வளவுதான், திரும்ப எடுக்க முடியாதுங்க" என்றாள் கிர்ஸ்டி. சாமர்த்தியமான பெண்ணாகத் தெரிகிறாள். மஞ்சள் கதவைப் பற்றி வேறு கேட்டாள்.

நீ அனுப்பிய படத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். படிகளின் விளிம்பு இன்னும் நேராக இருக்கிறது. ஓரத்தில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் தெரிகின்றன. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல். இறங்கும்போது எந்தக் கையால் பிடிப்பாய்? தரையிலிருந்து உன் இடுப்பு இப்போது எவ்வளவு உயரம்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
மெர்வின்


மெல்பர்ன்
7 ஏப்ரல் 2007

அன்புள்ள மெர்வின்,

நீ சும்மா ஒரு பென்சிலைக்கூடக் கையில் எடுத்தவன் இல்லை. எதற்காகக் கேட்கிறாய்? திரும்பத் திரும்ப யோசித்தும் பிடிபடவில்லை. ஆமாம் என்று ஒப்புக்கொண்டவனை நம்பலாமா என்பதே எனக்கு இன்னும் தெரியவில்லை.

வலது கை. மூன்றடிக்கு ஓர் அங்குலம் குறைவு. விக்தான் அளந்தார். அளக்கும்போது சிரித்தார். இதை உனக்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் எனக்குப் போதும். உனக்கு இதில் என்ன கிடைக்கப்போகிறது, மெர்வின்? அதைச் சொல்லமாட்டாய்.

டாஃப்னி


ஹோபார்ட்
18 ஏப்ரல் 2007

அன்புள்ள டாஃப்னி,

ஒரு நல்ல செய்தி. பழைய பெட்டியைக் குடைந்தபோது இத்துடன் இருக்கும் படம் அகப்பட்டது. எண் பதினொன்று, தச்சருக்கென்று வரைந்தது, கூடத்துப் படிகளின் கைப்பிடி, தேதி 14 ஆகஸ்ட் 1961. கட்டும்போது போடாமல் விட்டிருக்கிறோம். எனக்கே மறந்துவிட்டது. கிர்ஸ்டியிடம் காட்டு. மே பத்துக்குள் விக் வேலையை முடித்துவிடுவார்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. என் மாடிக்கு இருபத்திரண்டு படிகள். பால் வாங்க இறங்குவதற்கு முன்னால் இப்போதெல்லாம் கொஞ்சம் யோசிக்கிறேன். மற்றபடி நலம்.

அன்புடன்,
மெர்வின்


மெல்பர்ன்
12 மே 2007

அன்புள்ள மெர்வின்,

உன் படம் வந்ததும் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் ஜாம் பாட்டில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாள் பழையதுதான். மையும் அந்தக் காலத்து மை. எழுத்து என்னுடையது. என் 'R' அப்படியே கால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு நிமிஷம் நானே எழுதி மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அப்புறம்தான் வலது கைப்பிடியின் உயரம் உறைத்தது: மூன்றடிக்கு ஓர் அங்குலம் குறைவு. 1961இல் நான் இப்போது இருப்பதைவிட இரண்டு அங்குலம் உயரம். ஏப்ரலில் விக் எடுத்த அளவு ஆகஸ்ட் 1961க்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

நீ பொய் சொல்லாமல் மறைப்பவன். ஆனால் வரைபடத்தில் ஒரு மயிரிழைகூட மாற்றி வரையாதவன் என்பது உன் எதிரிகளும் சொல்வது. கோடு கெடும் என்று என் குழந்தைக்குக் கைப்பிடி தராதவன், எனக்காக என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி, கோட்டையும் கெடுத்துப் பொய்ப் படம் செய்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு இடது பக்கத்தைப் பார்த்தேன். ஒன்று போதும் என்று எழுதியிருந்தேன், நீ இரண்டு வரைந்திருக்கிறாய். வலது பக்கத்துக்கு அடியும் அங்குலமும் ஒழுங்காகப் போட்டவன், இடது பக்கத்துக்கு 980 என்று எழுதியிருக்கிறாய். மில்லிமீட்டர். 1961இல் இந்த நாட்டில் எந்தக் கொத்தனார் மில்லிமீட்டரில் வீடு கட்டினார்? என் கைப்பிடியைப் பொய்யாக வரைந்ததால் கவனமாக இருந்தாய். மற்றதை வரையும்போது பொய் சொல்கிறோம் என்பதையே மறந்துவிட்டாய். விக்கை அந்த உயரத்தில் டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். எனக்கு அது விலாவில் வருகிறது. உன்னைப் போல் ஆறடி இரண்டங்குல ஆளுக்குச் சரியாக இருக்கும்.

எனவே பழைய முறைப்படி ஒரு புது பிளேடை எடுத்து, அந்த இடது பக்கத்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டேன். வேலை சுத்தம். வலது பக்கத்தை விட்டுவைத்தேன். இப்போது இந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

கிர்ஸ்டி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் ஏதோ சுரண்டியிருக்கே?"

"அந்தக் காலத்துல தப்பா வரைஞ்சா அப்படித்தான் திருத்துவோம்" என்றேன்.

படத்தை மேசைமேல் வைத்தாள். "நான் உங்களை இன்னொன்னு கேக்கலாம். வேணாம், விடுங்க. கைப்பிடியைப் போட்டுக்கங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். வீட்டைப் பட்டியலில் சேர்க்க எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிப் பெண் வந்தாள், திருப்தியாகப் போனாள். நான் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தேன், நான்கு மாதத்துக்குப் பிறகு. அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய இரண்டு மாடிப் பூதம் கண்ணில் படுவதில்லை, கடல் மட்டும் தெரிகிறது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். அறுபத்தொன்றிலேயே சொல்லியிருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இடது கைப்பிடியை நான் போடவில்லை. கேட்காமல் போனாய், கேட்காமல் நகரசபைக்கு எழுதினாய். இப்போது கேட்காமலே ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் இறங்கப் பார்க்கிறாய். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

வர வேண்டுமென்றால் வரலாமா என்று கேள். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. கேட்பதாக இருந்தால் உன் சொந்தக் கையெழுத்தில் கேள். என் எழுத்தில் எழுதி அனுப்பினால், அம்மாவே எழுதிக்கொண்டாள் என்று ஜில் சந்தேகப்படுவாள்.

டாஃப்னி