முப்பத்திரண்டாவது முத்திரை

ஏப்ரல் 6

நல்ல வெயில். வணிகர் சங்க அலுவலகத்துக்குப் புது வரைபடம் வந்துவிட்டது. மலைமேல் கட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் எங்கள் கடைத்தெரு வழியாக வர வேண்டுமானால், ஒவ்வொரு கடையும் முன்பக்கம் மூன்றடி விட்டுத்தர வேண்டும். முப்பத்திரண்டு கடையும் சம்மதம் என்று தங்கள் பெயர் முத்திரை வைத்தால்தான் மாகாண அலுவலகம் எங்கள் யோசனையை ஏற்கும். இல்லாவிட்டால் பஸ் புறவழிச் சாலையோடு போய்விடும், தெருவும் அவ்வளவுதான்.

தலைவர் ஹிரகா-சான், "மிசாவோ-சான், உங்க காலைத்தான் நம்பியிருக்கோம்" என்றார். செயலாளர் வேலை என்றாலே நடைதான்.

ஏப்ரல் 19

இன்று ஆறு கடை. எங்கள் ஊர்க் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் இனிப்புப் பெட்டியோடு ஒவ்வொரு வாசலாகப் போய், டீ குடித்து, முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கூட்டம் முத்திரை வைக்க மட்டும்.

மீன்கடை ஒகுனோ கிழவர் மூன்றாம் முறைதான் மசிந்தார். "உன் தொல்லை தாங்கலம்மா. வைக்கிறேன், போ!"

சாப்பிடும்போது அவரைப் போலவே பேசிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கட்சுஜி சிரிக்கவில்லை. வீட்டு முன்பக்கம் இருக்கும் அவர் சைக்கிள் கடையில் என்ன தகராறோ.

மே 10

எல்லாரையும் பார்த்தாயிற்று. அப்பாடா.

மே 12

மானமே போயிற்று.

கூட்டத்தில் முத்திரைகள் வரிசையாக விழுந்துகொண்டே வந்தன. கட்சுஜி தன் முத்திரையை வெளியே எடுக்கவே இல்லை. "என் கடைக்கு யாரும் வரலையே" என்றார், மெதுவாக. அத்தனை பேரும் மேசையையே பார்த்தார்கள். ஹிரகா-சான் கூட்டத்தை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இருபத்தாறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். உங்களுக்கும் பெட்டி தூக்கிட்டு வரணுமா?"

"முப்பத்தோரு கடைக்கு என்ன போகுதுன்னு தினம் சாப்பிடும்போது சொன்ன. எனக்கு என்ன போகுதுன்னு ஒரு நாள் கேட்டியா?"



மே 13

அவர் கடையின் அந்த மூன்றடியில் என்ன இருக்கிறது? காற்றடிக்கும் பம்பு. ஒரு குட்டி பெஞ்சு.

பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முதன்முதலில் போன அன்று, மழை விடும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தது — அதே பெஞ்சு. எப்படி மறந்தாய், மிசாவோ?

மே 15

சங்கத்து நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு, வீட்டுக்குள்ளிருந்து போகாமல் தெருவைச் சுற்றிக் கடை வாசலில் போய் நின்றேன். "கட்சுஜி-சான் இருக்காங்களா?"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்க, செயலாளர் அம்மா."

டீ தந்தார். "உங்க பெஞ்சு போயிடும். எனக்கும் வலிக்குது. முதல்லயே வந்து கேட்டிருக்கணும், மன்னிச்சிடுங்க" என்று குனிந்தேன். அழுதுவிட்டேன். அவர் கண்ணும் கலங்கியது.

ஆனால் சம்மதிக்கவில்லை! "ஒகுனோ மூணு தடவை நடக்க வெச்சாருல்ல? நான் ஒரே தடவையில தலையாட்டினா மரியாதையா இருக்குமா?"

பாவி மனுஷன். நாளைக்கும் போக வேண்டும்.

மே 17

மூன்றாவது டீ. சரி என்றார்.

மே 31

முப்பத்திரண்டு.

அடுத்த ஆண்டு, அக்டோபர் 2

நாளை முதல் பஸ் வருகிறது. நிறுத்தத்தில் போட எங்கள் பெஞ்சையே சங்கம் கேட்டு வாங்கிக்கொண்டது.

மத்தியானம் அலுவலகக் கதவு தட்டப்பட்டது. கட்சுஜி. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, கையில் இனிப்புப் பெட்டி. ஒரு நாளும் கடையைச் சாத்தாத மனுஷன்.

"நாளைக்குக் கடைக்கு லீவு. முதல் பஸ்ல நீங்க பக்கத்துல உட்கார்ந்து வர சம்மதமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"பஸ் அங்கதானே போகுது."

பெட்டியில் ஒரு இனிப்பு குறைந்தது. வழியிலேயே தின்றிருக்கிறார். மூன்று தடவை நடக்கவைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் தடவையிலேயே சரி என்றுவிட்டேன்.