உப்பு பார்த்தது நான்தான்

மரக்காணம்
மே 4

அன்புள்ள இலக்கியாவுக்கு,

சிலம்பரசன் எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று மேலே எழுதி, பிறகு நானே அடித்திருக்கிறேன். நம் வீட்டில் நலமாக இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை போனில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். நீ வேலை பார்க்கும் வீட்டு மேடம் பக்கத்திலேயே நிற்கிறாள். அதில் பாதி நேரம் நம் பாப்பா யுவராணி போனை நக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பத்து நிமிஷத்தில் இதைச் சொல்லி உன்னை அழவிட எனக்கு மனம் வரவில்லை. மேரிசெல்வி லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். 22ஆம் தேதி குவைத்துக்குத் திரும்புகிறாள். கடிதம் கொடுத்தால் உன் கையிலேயே சேர்ப்பதாகச் சொன்னாள். அவள் கிளம்பும்வரை எழுதிச் சேர்த்துவைக்கப் போகிறேன்.

பாப்பா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று ஐந்து மாதமாக நான் சொன்னது பொய். போன மாதம் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். எட்டு கிலோ நானூறு கிராம். நீ கிளம்பும்போது ஒன்பதரை கிலோ இருந்தவள். சென்ற வாரம் அனுப்பிய போட்டோவில் கன்னம் தளதளவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாயே, அது ஜனவரியில் எடுத்தது. பாக்கியலட்சுமி டீச்சர் எடை அட்டையில் சிவப்புக் கட்டத்தில் புள்ளி வைத்தார். 20ஆம் தேதி மறுபடி எடை போடுவார்கள். ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் சேர்க்க வேண்டுமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வானூரிலிருந்து உன் அக்கா சாமுண்டீஸ்வரி வந்தார். குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தவர், தனக்கு வைத்த காபியைக் குடிக்கவில்லை. "தம்பி, இருபதாம் தேதி நானும் வர்றேன். எடை ஏறலைன்னா புள்ளைய நான் தூக்கிட்டுப் போயிடுவேன். இலக்கியாகிட்டயும் சொல்லிடுவேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையைத் தூக்கிப்போக இவர் யார் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

சமைக்காமல் இல்லை, இலக்கியா. நம்பு. விடியும் முன் உப்பளத்துக்குப் போகிறேன், பதினொரு மணிக்குத் திரும்புகிறேன். அதுவரை பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா அக்கா பார்த்துக்கொள்கிறார். அங்கன்வாடியில் விட்டால் அழுகிறாள், அதனால் இன்னும் அனுப்பவில்லை. வந்த சூட்டோடு அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறேன். யூடியூபைப் பார்த்துப் பார்த்து நான் செய்யாத கூத்து இல்லை. பீட்ரூட்டைத் துருவி மாவில் பிசைந்து, பாட்டில் மூடியால் வெட்டி, காசு அளவுக்குப் பூரி சுட்டேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்து மீன் மாதிரி பிடித்து, கண்ணுக்கு மிளகு வைத்தேன். கீரையை அரைத்துப் பச்சை இட்லி ஊற்றினேன். தோசையில் கேரட்டால் கால் வைத்து நண்டு செய்தேன். நண்டைப் பார்த்துக் கைதட்டுகிறாள். ஒரு காலைப் பிய்த்து வாயில் வைக்கிறாள். உடனே முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டுத் தண்ணி தண்ணி என்கிறாள். தண்ணீர் மட்டும் குறை வைக்காமல் குடிக்கிறாள், அந்த ஒன்றாவது நல்லபடியாக நடக்கிறதே என்று இருக்கிறேன்.

நேற்று நண்டைத் துப்பியபோது ஓங்கி அதட்டிவிட்டேன். பயந்துபோய் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதையும் நான் உன்னிடம் மறைக்கவில்லை.

சிலம்பரசன்


மே 10

இலக்கியாவுக்கு,

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று பாக்கியலட்சுமி டீச்சர் வீட்டுக்கே வந்தார். அவர் ஊர் பெரிய முதலியார்சாவடி, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ரோஷம். தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். பீட்ரூட் கட்லெட், நட்சத்திரம் மாதிரி வெட்டியது. அழகாக இருக்கிறது என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அடுத்த நிமிஷம் வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு, சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

"யாருங்க இதுக்கு உப்பு பார்த்தது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். வேறு யாராவது வாயில் வைத்துப் பார்த்தார்களா என்றார். சின்னப்பாப்பா அக்கா தினமும் பார்க்கிறார், சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார் என்றேன். அந்த அக்கா என்ன வேலை செய்தவர் என்று கேட்டார். இருபது வருஷம் உப்பு வாரியவர் என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

உனக்கே தெரியும். நாங்கள் வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்தால் உடம்பில் இருப்பதெல்லாம் வேர்வையாகப் போயிருக்கும். கஞ்சியில் ஒரு கை கல்லுப்பு போட்டால்தான் அது கஞ்சி. இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். அப்படி வந்த நாக்கோடு நின்று ருசி பார்த்துத்தான் இரண்டு வயதுப் பிள்ளைக்கு உப்பு போட்டிருக்கிறேன். அதுவும் ஸ்பூனில் இல்லை, உப்பளத்துப் பாத்தியிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பைக் கையால் அள்ளி. நீ இருந்தவரை நீ பால் கலந்து பிசைந்து தனியாகக் கொடுத்தாய். நீ போனதிலிருந்து அவள் சாப்பாட்டுக்கு நாக்கு நான்தான். அவள் துப்பத் துப்ப, ருசி பத்தவில்லை என்று இன்னும் ஒரு சிட்டிகை கூட்டினேன். தாகத்தில் தண்ணீராகக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பியிருக்கிறாள். அதை நான் நல்லது என்று உனக்கு மேலே எழுதியிருக்கிறேன்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு உப்பு சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அப்போதே தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பா அப்பா என்று கத்தினாள். பிள்ளைக்கு உப்பை ஊட்டினவனே அந்த அப்பாதான் என்று அவளுக்குத் தெரியாது. ரிசல்ட் வருகிறவரை ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் இருந்த இருப்பை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

இனி என் கையால் உப்பு போடக்கூடாது, கடையில் விற்கும் பாக்கெட் உப்பில் துளி போதும், அதையும் உப்பளம் பக்கமே போகாத ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. உப்பளத்துக்காரன் கடைக்குப் போய் உப்பு கேட்டால் என்ன ஆகும்? தெருவே சிரித்தது. என்கூட உப்பு வாரும் தேசப்பன் என் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினான். "ஏம்பா, நம்ம உப்பு உன் வூட்டுக்கு ஆவலையா?" என்றான். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

சிலம்பரசன்


மே 20

அன்புள்ள இலக்கியாவுக்கு,

இந்தப் பத்து நாளும் நாளைக்கு ஐந்து தடவை ஊட்டினேன். முதல் இரண்டு நாள் தட்டைப் பார்த்தாலே வாயை மூடிக்கொண்டாள். நண்டு, மீன், நட்சத்திரம் எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லா வேஷத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் பரங்கிக்காயை வேகவைத்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் குழைத்து, என் தட்டில் வைத்து நானே சாப்பிட ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். விரலால் தொட்டு நக்கினாள். துப்புவாள் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். விழுங்கிவிட்டாள். பிறகு என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பச்சை இட்லி, முட்டை, உருளைக்கிழங்கு, கேரட் அல்வா. ஒரு நாள் வயிற்றால் போனது. அன்று எனக்கு உயிரே இல்லை.

இன்று காலை உன் அக்கா வந்துவிட்டார். கையில் ஒரு காலிப் பை. வந்ததும் கொடியிலிருந்த யுவராணியின் கவுன்களை எடுத்து மடித்து அந்தப் பையில் வைத்தார். மூன்று பேரும் அங்கன்வாடிக்குப் போனோம். முதல் தடவை எடை போட்டபோது எட்டு கிலோ முந்நூறு என்று காட்டியது. டீச்சர் குனிந்து பார்த்து, இவள் மேஜையைப் பிடித்திருக்கிறாள் என்று கையை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். எட்டு கிலோ எழுநூற்றைம்பது.

சிவப்பைத் தாண்டிவிட்டாள். மஞ்சளில்தான் இருக்கிறாள், பச்சைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வாரம் கவனம் தப்பினாலும் திரும்ப இறங்கும் என்று டீச்சர் சொன்னார். உன் அக்கா வீட்டுக்கு வந்து, பையிலிருந்த கவுன்களை எடுத்து மறுபடி கொடியில் போட்டார். உன்னிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றார். சொல்லிவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறேன். நல்லா சாப்பிடுறேன், இங்க என்ன குறை என்கிறாய். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. பாப்பாவைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம் நானும் அதே வேகத்தில்தான் சொன்னேன். நீ எப்படி இருக்கிறாய் என்று மேரிசெல்வியிடம் கேட்டேன். வேலை ஜாஸ்திதான் அண்ணே என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மேற்கொண்டு கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இத்துடன் பொட்டுக்கடலை உருண்டை இருபது வைத்திருக்கிறேன். மேரிசெல்வி பார்க்க இரண்டைச் சாப்பிடு. பிறகு இருக்கிறதை இருக்கிறபடி அவளிடம் சொல். எனக்கு அவள் போன் செய்து சொல்வாள், அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அங்கே சரியில்லை என்றால் இரண்டு வருஷ ஒப்பந்தக் கணக்கைப் பார்க்காதே, கிளம்பி வந்துவிடு. திரௌபதி அம்மன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

சாப்பிடு, இலக்கியா. பொய் மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் சிலம்பரசன்