துப்பாக்கி தொடாமல் அணை திறந்தவருக்கு

அப்பா,

அலமாரியின் மேல்தட்டை ஒழுங்கு பண்ணலாம் என்று இன்று காலையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய ஒயர்களுக்கு அடியில் உங்கள் வீடியோ கேம் கன்ட்ரோலர் கிடந்தது. பிளாஸ்டிக் சாமானை யாராவது முகர்ந்து பார்ப்பார்களா? நான் பார்த்தேன். இன்னும் தோல் பாலிஷ் வாசனை அடிக்கிறது. தாராவியில் நம் தோல்பைக் கடையிலிருந்து வந்த கையோடு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாசனையோடுதான் நீங்கள் டிவி முன்னால் உட்காருவீர்கள். "கைய நல்லாக் கழுவிட்டு உக்காருங்க" என்று அம்மா சத்தம் போடுவாள். "கழுவியாச்சுளா. இது எம் பொழப்பு வாசம், தண்ணிக்கெல்லாம் போவாது" என்பீர்கள்.

ஸ்டூலிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது. செம்பூரில் இந்தியும் இங்கிலீஷும் படித்து வளர்ந்தவளுக்குத் தமிழ்ப் பேப்பரை விரித்துவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்தவர் நீங்கள். ஒற்று விட்டுப்போயிருந்தால் திட்டாமல் படியுங்கள்.

உங்கள் கை நடுக்கம் முதலில் பைகளுக்குத்தான் தெரிந்தது. வாரை எடுத்து பக்கிளில் நுழைத்துக் காட்டுவது உங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒருநாள் கிராக்கி முன்னால் அது நுழையவில்லை. "புது மாடலு பெஹன்ஜி, கொஞ்சம் கூச்சப்படுது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்துச் சமாளித்து, அந்தப் பையை விற்றும்விட்டீர்கள். வீட்டுக்கு வந்துதான் சாப்பிடாமல் படுத்தீர்கள். அப்புறம் ஒவ்வொன்றாக உங்கள் கையை விட்டுப் போனது. கல்லாவில் அண்ணன் உட்கார்ந்தான். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள். டம்ளரில் டீ பாதிதான் வந்தது. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அதனாலேயே உங்களால் யாரோடும் சண்டை போட முடியவில்லை.

விரலுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து தந்தார்கள். நீங்கள் அதைக் கீழ்வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டு வந்து, "பாவம், அதுக்காவது உபயோகப்படட்டும்" என்றீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் விளையாடிக்கொண்டிருப்பதைப் பின்னால் நின்று பார்த்தீர்கள்.

உலகம் அழிந்துபோன பிறகு நடக்கிற கதை அந்த கேம். பெரிய யுத்தம் முடிந்து, நகரங்கள் இடிந்து, மழை பொய்த்துவிட்டது. மிச்சம் இருக்கிற ஜனங்கள் அங்கங்கே கொட்டகை போட்டுப் பிழைக்கிறார்கள். ஆடுகிறவர் தன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும்; மலைமேல் இருக்கும் அணையை ஒரு கொள்ளைக் கூட்டம் பிடித்துவைத்திருக்கிறது. கதை அவ்வளவுதான். ஆனால் இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்தப் பாழ்நிலம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம்.

"உலகம் அழிஞ்சிட்டுன்னு சொல்லுத, தகரக் கொட்டக அம்புட்டும் அப்படியே நிக்கி. இது எந்த ஊரு, நம்ம தாராவியா?" என்று கேட்டீர்கள்.

"இல்லப்பா, அமெரிக்கா மாதிரி ஒரு ஊர்."

"அப்பம் அவனுவளும் நம்ம மாதிரி ஆயிட்டானுவன்னு சொல்லு."

அந்தச் சந்தோஷத்தில்தான் கன்ட்ரோலருக்குக் கை நீட்டினீர்கள். ஒருத்தரும் உங்களைக் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் உங்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

திரையில் ஓடுகிற எழுத்தின் வேகத்துக்கு உங்கள் கடை இங்கிலீஷ் போதாது. நான் படித்துத் தமிழில் சொல்வேன். என்ன பதில் என்று நீங்கள் யோசித்து, நீங்களே பொத்தானை அமுக்குவீர்கள். அந்த உலகத்தில் உங்களுக்குக் கிடைத்த முதல் வியாபாரியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தண்ணீர்க் குப்பிக்கு அவன் ஒரு விலை சொன்னான். நீங்கள் வாங்காமல் திரும்பி, வாசல்வரை நடந்து, அங்கே நின்றுகொண்டீர்கள்.

"என்னப்பா, ஏன் நிக்கிறீங்க?"

"சும்மா இரு பிள்ள. கூப்புடுவான் பாரு."

கம்ப்யூட்டர் பொம்மை எங்கே கூப்பிடப் போகிறது! நீங்களும் விடுவதாக இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "யாருக்குக் காத்திருக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில், "யாவாரம் தெரியாத பய. இவன் கட வெளங்காது" என்று சாபம் கொடுத்துவிட்டு, சொன்ன விலைக்கே வாங்கினீர்கள். வாழ்க்கையில் நீங்கள் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அந்தக் குப்பியாகத்தான் இருக்கும்.

துப்பாக்கிதான் வம்பாகிவிட்டது. குறி வைக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். உங்கள் விரல் நிற்காது; அதோடு சேர்ந்து திரையும் ஆடும். நீங்கள் சுட்டதில் விழுந்தது ஒரே ஒரு பெயர்ப்பலகை. "இது நமக்கு ஆவாது" என்று அந்தத் துப்பாக்கியை விற்று, உப்பும் மருந்தும் வாங்கி மூட்டை கட்டினீர்கள். சண்டைதான் இந்த கேமே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். நீங்கள் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு அந்த அழிந்த உலகத்தில் ஒரு நடைவியாபாரி புறப்பட்டார்.

எத்தனை ஊர் போனீர்கள் அப்பா! உப்பைக் கொண்டுபோய் ஓர் ஊரில் கொடுத்து விதை வாங்கினீர்கள். விதையை இன்னோர் ஊரில் கொடுத்துத் தோல் வாங்கினீர்கள். அங்கே தோல்பை தைத்து விற்ற ஒருத்தியின் சரக்கைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்தத் தையல் ஒரு மழ தாங்காது. அவ நல்ல நேரம், அங்கன மழையே இல்ல" என்றீர்கள். மிருகம் எதிரே வந்தால் ஓட்டம்தான், வெட்கமே கிடையாது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் கிடைக்கிற புள்ளிகளைப் பலத்தில் போடலாம், வேகத்தில் போடலாம். நீங்கள் அத்தனையையும் பேச்சுத் திறமையில் போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வாயுள்ள பிள்ள பொழைக்கும்" என்று முடித்துவிட்டீர்கள்.

அணைக்கு நாம் போய்ச் சேர்ந்தது கணபதி சிலைகளைக் கடலில் கரைக்கிற விசர்ஜன் அன்று. பத்தாம் மாடியிலும் ஊர்வலத்தின் டோல்-தாஷா மேளச் சத்தம் ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. ரோடெல்லாம் அடைத்துவிட்டதால் கடைக்கு லீவு, அண்ணனும் வந்திருந்தான். முன்வாசல் வழியாகப் போனீர்கள், சுட்டுவிட்டார்கள். மறுபடி போனீர்கள், மறுபடி சுட்டார்கள். "செத்துட்டேன் பிள்ள, எழுப்பு" என்று ஒவ்வொரு தடவையும் சிரித்தீர்கள். போகப்போகச் சிரிப்பு குறைந்தது.

அண்ணன் பொறுக்கமுடியாமல் கையை நீட்டினான். "குடுங்கப்பா. ரெண்டு நிமிஷத்துல அடிச்சு முடிச்சுத் தாரேன்."

நீங்கள் கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டீர்கள். "கடையக் கேட்ட, தந்தேன். இது என்னுது. ஒருத்தரும் தொடக்கூடாது."

குரல் உயரவில்லை. ஆனால் அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் கையை மடக்கிக்கொண்டு, உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது, இது உங்களுக்கு விளையாட்டாக இல்லை என்று. ஒரு காரியத்தையாவது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உங்கள் கையாலேயே முடிக்க வேண்டும் என்று நீங்கள் தவித்துக்கொண்டிருந்தீர்கள். முடிக்க வேண்டுமே கடவுளே என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் சொன்னீர்கள்: "புத்தி கெட்டு பர்ஸ் வச்சிருக்கவன்ட்டயே முட்டிக்கிட்டு நிக்கேன். பின்னால போவோம்."

கடையில் நீங்கள் செய்கிறதுதான் அது. ஒரு குடும்பம் வந்தால் பர்ஸ் வைத்திருக்கிற ஆளிடம் பேசவே மாட்டீர்கள். பின்னால் பேசாமல் நிற்கிறவர் கையில் பையைக் கொடுத்து, தூக்கிப் பாருங்கள் என்பீர்கள். அவர் தோளில் மாட்டிவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரி.

அணையின் பின்பக்கம் அந்தக் கூட்டத்துக்குச் சமைக்கிற கொட்டகை இருந்தது. சமையல்காரிக்கு உப்பு கொடுத்தீர்கள். அவள் உள்ளே விட்டாள். ஒரு காவல்காரனுக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்தீர்கள். இன்னொருவன் தன் ஊர் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று கேட்டான். அந்த ஊருக்கு நீங்கள் விதை விற்கப் போயிருந்தீர்கள் அல்லவா! "இருக்குன்னு சொல்லு பிள்ள, அவரைக் கொடி போட்டிருக்காவன்னு சொல்லு" என்றீர்கள். "அவரையெல்லாம் இதுல இல்லப்பா, 'உன் ஊரைப் பார்த்தேன்'னு ஒரு பதில்தான் இருக்கு" என்றேன். "சரி, அத அமுக்குதேன்" என்று அமுக்கினீர்கள். அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு மலையை விட்டு இறங்கிப் போனான். அண்ணன், "இப்படி ஒரு வழி இதுல இருக்கா!" என்று வாயைப் பிளந்தான். கேமைச் செய்தவர்கள் வைத்த வழிதான். ஆனால் ஊர் ஊராய் நடந்தவருக்குத்தான் அது திறக்கும்.

மற்றவர்களும் இப்படியே ஒவ்வொருவராக இறங்கிப் போக, கடைசியில் தலைவனிடம் போனபோது அவன் தனியாக நின்றான். சுற்றிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். அணைக் கதவின் சக்கரம் ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சக்கரம் சுற்ற, ஒரு பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் ஒரு துளி எழும்பினாலும் சக்கரம் பழையபடி திரும்பிவிடும். அத்தனை பேரைப் பேசி ஜெயித்த மனுஷனுக்குக் கடைசியில் இப்படி ஒரு சோதனை. முதல் தடவை பாதியில் நழுவியது. அடுத்த தடவையும் நழுவியது. உங்கள் நெற்றி வியர்த்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்தோம். உதவி செய்வதைவிட உதவி செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கன்ட்ரோலரை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தீர்கள். அப்புறம் அதுவும் சரியில்லை என்று மல்லாத்தினீர்கள். வலது கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்து, அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்து, நிறைத்த சூட்கேஸை மூடுகிற மாதிரி உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினீர்கள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வறண்ட மலைச்சரிவில் தண்ணீர் இறங்கிய சத்தம், வெளியே அடித்த தாஷா சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நாங்கள் கத்தினோம். அம்மா கைதட்டினாள், கத்தியை இன்னும் கையில் வைத்துக்கொண்டே. நீங்கள் மட்டும் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டே வார்த்தை சொன்னீர்கள்.

"போணி ஆயிட்டு."

அப்புறம் உங்கள் அலட்டலைக் கேட்க வேண்டுமா! மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைக்காய் விற்கிறவரிடம்கூட, "நேத்து ஒரு ஊருக்கே தண்ணி திறந்து வுட்டேன்" என்றீர்கள். அவர் உங்களை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்துத் தன் ஏரியாவில் தண்ணீர் வராததைப் பற்றி மனு கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நீங்களும் கவனிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்த வாரம் முழுக்க அம்மா உங்களுக்கு டம்ளர் நிறைய டீ ஊற்றினாள். சிந்தியது. மறுபடியும் நிறையவே ஊற்றினாள்.

அடுத்த மழைக்காலம் வரும்போது நீங்கள் இல்லை. உங்களை நினைத்து அழாமல் இல்லை அப்பா. ஆனால் நினைத்தால் முதலில் வருவது அழுகை இல்லை, மார் நிமிர்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் மேஜையின் தலைப்பக்கம் இருப்பவரை விட்டுவிட்டு, சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்றுதான் என் கண் தேடுகிறது. பாதி நாள் வேலை அங்கேதான் முடிகிறது.

அந்த அணைக் காட்சியை கேம் பெட்டி தானாகவே பதிவு செய்து வைத்திருந்தது. போன மாதம் அதை இன்டர்நெட்டில் போட்டேன். போடுவதற்கு முன்னால் எடிட்டிங் தெரிந்த ஆபீஸ் தோழி பார்த்துவிட்டு, "படம் முழுக்க ஆடுதே, நான் ஆட்டத்த எடுத்துத் தரட்டுமா? பத்து நிமிஷ வேலை" என்றாள். வேண்டாம் என்றேன். மலை ஆடுகிறது, அணை ஆடுகிறது, காவல்காரன் முகம் ஆடுகிறது. அந்த உலகத்தை நீங்கள் அப்படித்தான் நடந்து கடந்தீர்கள்.

யார் யாரோ பார்க்கிறார்கள். துப்பாக்கியே இல்லாமலா என்று ஆச்சரியப்படுகிறார்கள். நேற்று ஒருவர் மட்டும், "உங்கள் கன்ட்ரோலரில் ஏதோ கோளாறு, ஏன் இப்படி நடுங்குகிறது?" என்று கேட்டிருந்தார்.

பதில் எழுதியிருக்கிறேன்: "கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. அது எங்கள் அப்பாவின் கை."