கூட வந்தால் போதும் என்றவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரிலும் வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் முனகுகிறாள், ஏறும்போது முனகுவதில்லை, அப்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுவதால் வலி தெரிவதில்லையாம். உன் தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டான். நம் கடையிலேயே இருடா என்றால், "அப்பா, உங்க கடைக்கு வர்ற மிக்சியெல்லாம் என்னைவிட வயசானது" என்கிறான். சரி, அவன் சந்தோஷமாக இருந்தால் போதும்.

போன வாரம் போனில் நீ கோபமாகப் பேசினாய். "நாங்க வருஷக்கணக்கா வரிசையில நின்னு, கேட்ட பேப்பரையெல்லாம் குடுத்து இங்க வந்து சேர்ந்தோம்பா. பேப்பர் இல்லாம இருக்கறவருக்கு நம்ம சர்ச்சே துணை போனா, நேர் வழியில வந்த நாங்கல்லாம் பைத்தியமா?" என்று கேட்டாய். நீ கேட்டது தப்பு இல்லை. ஆனால் யாரோ உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்கள், மீதியையும் கேட்டுவிட்டுக் கோபப்படு, அதற்காகத்தான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் பெயிண்டர். வேறு தேசத்துக்காரர், நம் பேச்சைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவார். ஆள் அத்தனை உயரம், சர்ச்சில் பல்பு மாற்றவேண்டும் என்றால் ஸ்டூல் தேடமாட்டோம், அவரைத் தேடுவோம், அதனால் எல்லாருக்கும் அவர் ஏணி பிரதர். உன் அம்மாவுக்கு மட்டும் தம்பி. ஏஜெண்டு காட்டிய ஒப்பந்த வேலைக்கென்று முறையாகத்தான் வந்திருக்கிறார், வந்து பார்த்தால் அப்படி ஒரு வேலையே கிடையாது. அனுமதி முடிந்தபோது திரும்பிப் போயிருக்கவேண்டும், போகவில்லை. ஊரில் அவர் அனுப்புவதை வைத்துத்தான் பெற்றவர்கள் அடுப்பு எரிகிறது. இது எதுவும் எங்களுக்குத் தெரியாது, கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார், பாட்டு மட்டும் கட்டடம் அதிரப் பாடுவார், அவ்வளவுதான்.

தபால் ஆபீசுக்குப் பின்னால் மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சுவரை ஒட்டிக் கட்டியிருந்த சாரம் சரிந்து, சாந்து சுமக்கிற பெண் ஒருத்தி மேலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உள்ளூர்ப் பெண், நம் சர்ச் இல்லை. பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவளே விழுந்தாள் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டான். வேலைக்காரர்கள் எல்லாரும், பார்க்கவில்லை, வேறு பக்கம் இருந்தோம் என்றார்கள். யாருக்கும் பிழைப்புப் போய்விடுமோ என்ற பயம்தானே. அந்த வாரம் ஜெபக்கூட்டத்தில் வழக்கம்போலச் சாட்சி சொல்கிற நேரம் வந்தது. தலைவலி போனது, பையன் பாஸானான் என்று ஆளாளுக்கு நன்றி சொல்லி முடித்தபின் ஏணி பிரதர் எழுந்தார். அதற்கு முன் அவர் எழுந்ததே இல்லை. "நான் பார்த்தேன். அந்த அம்மா மேல இருக்கும்போதே வேற சைட்டுக்கு வேணும்னு சூப்பர்வைசர் அடிக்கம்பைக் கழட்டச் சொன்னார். நான் பக்கத்துலதான் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேன். போய்ச் சொல்லணும். ஆனா எனக்குப் பேப்பர் கிடையாது" என்றார். நாங்கள் சாட்சி என்று சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தை தேய்ந்துபோயிருந்தது மகளே, அன்றைக்குத்தான் அதற்கு எடை இருப்பது தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் ஞாயிறு பள்ளி அறையில் கமிட்டி கூடினோம். பிள்ளைகள் வரைந்த பெருவெள்ளக் கதைப் படத்தில் ஒட்டகச்சிவிங்கி பேழைக்குள் அடங்காமல் சுவரில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே நம் ரூல்ஸ் மாமா. கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், பிரசங்கம் நீண்டுவிட்டால் கடிகாரத்தைப் பாஸ்டருக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பாரே, அவரேதான். "மேல இருக்கற அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு நமக்குச் சொல்லியிருக்கு. தெரிஞ்சு மறைக்கக் கூடாது" என்றார். பாஸ்டர் மெதுவாக, "ராஜாவுக்குப் பயந்து அடுத்த தேசத்துக்கு ஓடின குடும்பத்துல வளர்ந்த பிள்ளையைத்தான் நாம ஆண்டவர்னு கூப்பிடறோம்" என்றார். உடனே ரூல்ஸ் மாமா, "அந்த ராஜா செத்ததும் அவங்க திரும்பிப் போயிட்டாங்க பாஸ்டர்" என்றார். அதற்குப் பாஸ்டரே சிரித்துவிட்டார். ஒருவர் சர்ச்சுக்குக் கெட்ட பேர் வரும் என்றார், ஒருவர் சத்தமில்லாமல் வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். டீ கொண்டுவந்த உன் அம்மா தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தனை பேர் பேசறீங்களே, அந்தத் தம்பியை யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். அவர் வெளியே செருப்பு விடுகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டோம். வாசற்படி இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, "என்னை ஒளிச்சு வைங்கன்னு கேக்கல. தனியாப் போகப் பயமா இருக்கு. யாராவது கூட வந்தாப் போதும்" என்றார். ரூல்ஸ் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார், "ஆபீஸ் காலையிலயே திறந்துடும், நேரத்துக்கு ரெடியா இருங்க" என்றார்.

நானும் கூடப் போனேன். விபத்து விசாரிக்கிற ஆபீசில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, டோக்கன் மெஷின், சுவர் முழுக்கப் பாதுகாப்புப் படம். அதிகாரி சின்ன வயசுப் பெண். அடையாள அட்டை கேட்டாள். இல்லை என்றார் ஏணி பிரதர். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ரூல்ஸ் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, இவர்கிட்ட இல்லாதத அப்புறம் கேளுங்க, பதில் சொல்லுவார். கண்டத முதல்ல எழுதிக்குங்க. ரெண்டும் வேற வேற வழக்கு" என்றார். அவள் மறுபடியும் பேனாவை எடுத்தாள். எனக்கு எழுந்து கைதட்டவேண்டும்போல் இருந்தது, ஆபீசாயிற்றே என்று உட்கார்ந்திருந்தேன்.

அதே வாரத்தில் குடியேற்ற அதிகாரிகள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் இருந்திருக்கிறார். தடுப்பு முகாமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் போன். உன் அம்மா போனில் உன்னோடு பேசுகிற மாதிரியே, "தம்பி, சாப்பிட்டியா?" என்று கத்த, காவலர் ஓடிவந்து, "அம்மா, அவர் இங்கதான் இருக்கார், மெதுவாப் பேசுங்க" என்றார். பாஸ்டர் தேடிப் பிடித்த வக்கீல் அம்மா, இவர் முக்கியமான சாட்சி, சாட்சி சொல்லும்வரை வெளியே விடவேண்டும் என்று மனுப் போட்டார். யாராவது ஜாமீன் நிற்கவேண்டும் என்றது கோர்ட். ரூல்ஸ் மாமா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆள் ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கு, "ஓடினா வீடு போகும். நீங்க கவலைப்படாதீங்க, தூக்கம் கெடப்போறது எனக்கு" என்றார். பேச்சில் கரடுமுரடு, நெஞ்சில் பஞ்சு. இத்தனை வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தும் நான் அறியாமல் போன மனுஷன்.

வெளியே வந்தவர் நம் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். சாட்சி முடியும்வரை எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது உத்தரவு. சும்மா இருக்க முடியாமல் நம் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்றால், "கூலி வாங்காட்டியும் வேலை வேலைதான்" என்று ரூல்ஸ் மாமா விடமாட்டார். அதனால் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். அதையும் ரூல்ஸ் மாமா ஒரு மாதிரிப் பார்க்க, "இது வேலை இல்லைங்க, வம்பு பேசறோம்" என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள். அந்த நாட்களில்தான் காண்டிராக்டரின் ஆள் வந்து, வண்டி தயார், தூரத்து ஊரில் வேலையும் தயார், இன்றைக்கே போய்விடு என்று ஆசை காட்டியிருக்கிறான். ஏணி பிரதர் நேராக அடுப்படிக்கு வந்து சொல்லிவிட்டார். ஆசையாக இல்லையா தம்பி என்று அம்மா கேட்டாளாம். "ஆசைதான் அக்கா. ஆனா அந்த அம்மா விழும்போது என்னைப் பார்த்தாங்க" என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே உரிக்கவில்லை.

விசாரணையில் காண்டிராக்டர் பக்கத்து வக்கீல் அவரைப் போட்டு உலுக்கினார், சட்டத்தை மீறித் தங்கியிருக்கிற உன் பேச்சை எப்படி நம்புவது என்றார். "நான் இங்க இருக்கறது தப்புதான், ஒத்துக்கறேன் ஐயா. அதுக்காக அவங்க கம்பைக் கழட்டாம இருந்ததா ஆகிடுமா?" என்றார் ஏணி பிரதர், குரல்கூட உயரவில்லை. மறுநாள் கூட வேலை செய்த ஒருவர் தானே வந்து, நானும் பார்த்தேன் என்று சொன்னார், பிறகு இன்னொருவர் வந்தார். அந்தப் பெண்ணின் வைத்தியச் செலவுக்கும் மாதாமாதம் ஜீவனத்துக்கும் காண்டிராக்டர் கம்பெனியே கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. இப்போது அவள் நடக்க உதவுகிற வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறாள்.

ஏணி பிரதருடைய வழக்கில் நாங்கள் ஜெபித்தது நடக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்றார்கள். தானே வந்து உண்மையைச் சொன்னதால் திரும்பி வரத் தடை போடவில்லை, முறைப்படி விண்ணப்பிக்கலாம், வருஷங்கள் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். வக்கீல் அம்மா சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி, வரிசையில நிக்கறேன்" என்றார். எனக்கு அப்போது உன் முகம் ஞாபகம் வந்தது. நீ நின்ற அதே வரிசை மகளே, அதன் கடைசியில் போய் நிற்கிறார், அவருக்கு முன்னால் நின்றவள் என்று உன் மேல் எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமை அவர் மேலும் இருக்கிறது. சட்டம் வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. சட்டத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் தனியாக நிற்கவேண்டாம் என்றுதான் போனோம்.

விமான நிலையத்துக்குச் சர்ச்சே திரண்டு போனது. அம்மா அவர் பையில் திணித்த சாமான் கனம் தாண்டிவிட்டதென்று பாதியை வெளியே எடுக்கவைத்தார்கள், அதற்கு அம்மா போட்ட சண்டையை நேரில் சொல்கிறேன். ரூல்ஸ் மாமா கைகுலுக்கினார், அவ்வளவுதான். திரும்பும் வழியில் சிக்னல் பச்சை விழுந்த பிறகும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிடவை. அவர் இருமலை அலட்சியம் செய்யவேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, உங்கள் கை தொட்ட காரியம் எல்லாம் துலங்கட்டும். முக்கியமான ஒன்று, இனி வியாழக்கிழமை மத்தியானம் நீ போன் அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் பதறாதே. தடுப்பு முகாமில் பார்க்க ஆளில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், ரூல்ஸ் மாமா போய் விசாரித்துக்கொண்டு வந்து முறை போட்டுவிட்டார், வியாழன் எங்கள் முறை. உன் அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பேர்கூடத் தெரியாத யாரோ ஒரு பிள்ளையிடம், சாப்பிட்டியா என்று கத்திக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா