ஆறரை மணி நாடகத்தில் கேட்ட சம்மதம்

பிப்ரவரி 3, திங்கள்

பனி விடவில்லை. ஏழு மணி பஸ் விளக்கு போட்டுக்கொண்டு வந்தது. நான் வேலை பார்க்கும் கடையில் ஜெராக்ஸ் மெஷின் சூடாகவே அரை மணி. புத்தூரில் எல்லாருக்கும் இன்றைக்கே சாதிச் சான்றிதழ் நகல் வேண்டும்.

வாங்க வேண்டியது: ரேவதிக்குக் கணக்குப் பாடத்துக்கு கிராப் நோட்டு, எனக்குத் தலைவலி மாத்திரை, அண்ணிக்கு ஊதுவத்தி.

மாலையில் ஒரு விசித்திரம். டிவியில் ஆறரை மணி நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மகளிடம் கேட்டார்: "ஏம்மா ரேவதி, படிப்ப உட்டுட்டு மாமனக் கட்டிக்கினாளே அந்தப் பொண்ணு, அவ பண்ணது சரியா?"

ரேவதிக்குப் பதினைந்து வயது. டென்த். கொஞ்சம் யோசித்து, "சரிதான் நைனா. ஊட்ல பெரியவங்க சொன்னா கேக்கணும் இல்ல" என்றாள்.

அண்ணன் தலையாட்டினார். சத்தம் மறுபடி ஏறியது.

மகள் எந்த வகுப்பு என்பதையே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர். திடீரென்று அவள் அபிப்பிராயம் எதற்கு?

பிப்ரவரி 4, செவ்வாய்

மாத்திரை மறந்துவிட்டது.

இன்றும் அதேதான். அண்ணன் கேட்டவை: மாமியார் வீட்டில் பொறுத்துப் போகலாமா. வயசு வித்தியாசம் இருந்தால் என்ன. சொந்தத்தில் கொடுப்பது நல்லதா. மூன்றுக்கும் ரேவதி "சரிதான் நைனா". அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கேபிளில் தமிழ் சேனல் இரண்டுதான், மீதி தெலுங்கு. எல்லைக்கோடு போட்டவர்கள் எங்களை ஆந்திரா பக்கம் விட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் தெலுங்கு, ரேஷன் கடை தெலுங்கு. பெண்ணைத் தள்ளிவிடும் பேச்சு மட்டும் சுத்தமான தமிழில்.

பாத்திரம் கழுவும்போது ரேவதியைக் கேட்டேன். "ஏண்டி அப்டி சொன்ன?"

"அவருக்கு எது புடிக்குமோ அத சொல்லிட்டா சட்டுனு சவுண்டு வைக்கிறாரு அத்த. வேற எதுனா சொன்னா பேசிக்கினே இருப்பாரு. நாடகம் போயிடும்."

சிரித்துவிட்டேன். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

லீவு போட்டேன், தலைவலி. நல்லதாகப் போயிற்று. நான் தூங்குவதாக நினைத்து அண்ணி போனில் பேசினாள். மறுமுனையில் அவள் தம்பி. நாகலாபுரத்தில் டிராக்டர் வைத்திருக்கிறான், வயது இருபத்தொன்பது.

"பாப்பா சரின்னுதாண்டா சொல்லுது. டிவி பாக்கறப்போ அவங்க நைனா கேட்டாரு, நானே காதால கேட்டேன். நீ வெள்ளிக்கெழம வா. தட்டு மாத்திக்கலாம். பரீட்ச முடிஞ்சதும் கல்யாணம் வெச்சிக்கலாம்."

ஆக, சவுண்டுக்காகச் சொன்ன பதில் சம்மதமாகிவிட்டது. ரேவதி பள்ளிக்கூடத்தில். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 6, வியாழன்

கடைக்குப் போகிற பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன். மாந்தோப்புக்குப் போய் அண்ணனைப் பிடித்தேன். பம்ப்செட்டை நிறுத்தாமலே பேசினார்.

"நான் எங்க குடுக்கறேன்னு சொன்னேன்? அவ வாயால வேணாம்னு சொல்லட்டும்னுதான் தெனம் கேட்டுக்கினு கீறேன்."

"நேரா கேக்க வேண்டியதுதான?"

"பெத்த பொண்ணாண்ட அத எப்டிமா கேக்கறது."

"அப்ப நீயே உன் மச்சான்கிட்ட முடியாதுன்னு சொல்லுண்ணா."

"நான் சொன்னா உங்கண்ணி ஊட்ட ரெண்டாக்கிடுவா. பொண்ணு சொல்லிட்டா யாரு மேலயும் பழி இல்ல பாரு."

நம்பலாமா? பாதிதான் நம்புகிறேன். மாட்டிக்கொண்டதும் கட்டிய கதையாகவும் இருக்கலாம். நிஜமென்றால் அது இன்னும் மோசம். மீசை வைத்த மனிதர் ஒளிந்துகொள்ள, டென்த் படிக்கிற பெண் முன்னால் நிற்க வேண்டுமாம்.

மாலை ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள்: "அந்தப் பொண்ணப் பத்தித்தான அத்த கேட்டாரு?"

கிராப் நோட்டைத் திறந்தாள். ஒரு கோடுகூடப் போடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு அவன் வந்தான். புதுச்சட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைப்பூ. அண்ணி அவனை டிவிக்கு நேராக உட்காரவைத்தாள். ஆறரைக்கு நாடகம் ஆரம்பித்தது. அண்ணன் ரிமோட்டை எடுத்தார், சத்தம் குறைந்தது.

"ஏம்மா, இன்னைக்கு அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணு நைனா?" என்றாள் ரேவதி. "அவளக் கேக்கறியா, என்னக் கேக்கறியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி" என்றாள் அண்ணி.

"என்னக் கேக்கறதுன்னா டிவிய நிறுத்திட்டுக் கேளு நைனா."

அண்ணன் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். ரிமோட் கையில்தான் இருந்தது. அதை வைத்துவிட்டு எழுந்துபோய் சுவரில் சுவிட்சை அணைத்தார். திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே, "உன்னத்தாம்மா கேக்கறேன். மாமனக் கட்டிக்கிறியா?"

"மாட்டேன். நான் டென்த் முடிச்சி இன்டர் காலேஜ்ல சேரணும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "கொயந்த, சும்மா சொல்லுது."

"சும்மா சொன்னது திங்கக்கெழம மாமா. இது நெஜமா சொல்றேன்."

அண்ணன் சுவரிடமே சொன்னார்: "பொண்ணு வேணாங்குது. நான் என்ன பண்றது."

அப்போதும் 'நான் வேண்டாம் என்கிறேன்' என்று வாயில் வரவில்லை அந்த மனிதருக்கு.

அவன் காப்பி குடிக்காமல் போனான். அண்ணி பஸ் நிற்கும் இடம்வரை அழுதுகொண்டே பின்னால்.

பிப்ரவரி 10, திங்கள்

வெயில் வந்துவிட்டது. கடையில் ஹால் டிக்கெட் நகல் கூட்டம்.

இரண்டு நாளாக வீட்டில் யாரும் டிவி போடவில்லை. அண்ணி பேசவும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இன்று ஆறரைக்கு அண்ணியே டிவி போட்டாள். பக்கத்தில் இடம் ஒதுக்கி மகளைக் கூப்பிட்டாள். குரலில் அத்தனை பாசம். பத்து நிமிஷம் போயிருக்கும். சத்தத்தைக் குறைத்தாள்.

"பாத்தியாடி, பெத்தவ பேச்ச மீறினவ கதிய?"

ரேவதி அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினாள். முழுசாக.