கையுறையைக் கழற்ற மாட்டேன்

மார்ச் 3
கிளை ஆய்வகத்துக்கு என்னைத் தலைமையாகப் போடுகிறார்களாம். ஜூனுக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே போகிற பஸ்ஸுக்கு மொட்டை வெயிலில் நிற்க வேண்டும், என்னால் ஆகாது. எனக்குப் பிறவியிலேயே புரோட்டோபார்பிரியா. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் சேர்க்கிற வேலையை என் உடம்பு பாதியில் விட்டுவிடும். மிச்சமாகிற சரக்கு தோலில் தேங்கி, வெயில் பட்டதும் எரியும். வெளியே ஒரு கொப்புளம் இருக்காது. அதனால் பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பு.
கார் ஓட்டக் கற்றால்தான் உண்டு.

மார்ச் 9
முதல் வகுப்பு. கையுறை, தொப்பி, முகத்துணி. கற்றுத்தருகிற மாஸ்டர் மேலும் கீழும் பார்த்தார்.
"என்ன மேடம், கொள்ளையடிக்கக் கிளம்பிட்டீங்களா?"
"ஆமா. முதல்ல உங்க வண்டியத்தான்."
மனிதர் சிரித்துவிட்டார்.

மார்ச் 21
கிளட்ச்சும் நானும் இன்னும் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை.

ஏப்ரல் 14
லைசென்ஸ் தேர்வில் தோற்றேன். அதிகாரி கையுறையைக் கழற்றச் சொன்னார். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? கழற்றினேன். கார்க் கண்ணாடி வழியாக வருகிற வெயிலும் என்னைச் சுடும் என்று தெரியாதா? பாதி வழியில் விரல்கள் ஊசி ஊசியாகக் குத்தின. நிழல் பார்த்து நிறுத்தினேன்.
"ஏம்மா நிறுத்தினீங்க?"
"தலை சுத்துது சார்."
பொய்! முப்பத்தாறு வயசாச்சு, இன்னும் என்னடி வெட்கம் உனக்கு? கை எரியுது. போதும்.

ஏப்ரல் 18
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. இத்தனை நாளும் வீட்டுக்காரர்தான் ஊட்டிவிட்டார், தலை சீவிவிட்டார் (கோணல் வகிடு). "என்கிட்ட மட்டும் வாய் கிழியப் பேசு. அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் வராமல் என்ன செய்யும்?

மே 6
அதே அதிகாரி. அதே வெயில்.
"கிளவுஸைக் கழட்டுங்க."
"மாட்டேன் சார்."
நானா பேசினேன்? நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.
"கண்ணாடிக்குள்ள இருந்தாலுமா சுடும்?"
"சுடும் சார்."
"ஸ்டியரிங் வழுக்காம இருந்தாச் சரி. வண்டிய எடுங்க" என்றவர், தானே கை நீட்டி என் பக்கத்து வெயில் தட்டியை இறக்கிவிட்டார்.
பாஸ்! அட, பாஸ்!

ஜூன் 17
கிளைக்குப் போகிற வழியில் அவர் போன் செய்தார். ஓரமாக நிறுத்தி எடுத்தேன். "எங்க இருக்க?" என்றார். "ரோட்டுல" என்றேன். நடுப்பகலில் நான் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.