ஃபாத்துவின் எதிர் நாற்காலி

ஆனி 14, சனி

இன்று நூலகத்து ஹாலில் இருந்தவர்கள்: நான். பேத்தி கயல்விழி. அவள் கூட்டாளி சகாயமேரி. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஷீதா. வேடிக்கை பார்க்க வந்த என் தங்கச்சி பவளம். டிவித் திரைக்குள்ளே ஃபாத்து, மூசா. செனகல் என்ற நாட்டுப் பிள்ளைகள். பிற்பாடு எவளும் மாற்றிச் சொல்லக்கூடாது, அதற்காக எழுதி வைக்கிறேன்.

மேல்காத்து. கண்ணெல்லாம் மண்.

நமக்குச் சாயங்காலம் நாலு. அங்கே காலை பத்தரையாம். கயல் சொன்னபோது நம்பவில்லை. ஃபாத்துவுக்குப் பின்னால் சன்னல். காலை வெயில்தான். ஒரே சூரியன், இங்கே இறங்குகிறது, அங்கே ஏறுகிறது.

நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனோம். அங்கேயும் பாய்க்கு வெளியே செருப்பு. யார் சொல்லிக் கொடுத்தது?

சனிக்குச் சனி, இங்கே ஒரு பிள்ளைக்கு அங்கே ஒரு பிள்ளை. கயலுக்கு ஃபாத்து, மேரிக்கு மூசா. இங்கிலீஷில் பேசுகிறார்கள், வராததை போன் சொல்லிக் கொடுக்கிறது. ரஷீதா கண்டிப்பு: "ஒரு ஆளு வரலைன்னா எதிர்ல உள்ள புள்ள யாரு மூஞ்சியப் பாக்கும்? நாற்காலி காலியாக் கெடந்தா வேற புள்ளைய உக்கார வச்சுருவேன்."

ஃபாத்து ஊரிலும் கடலைதான். ஒரு காயின் மூக்கை அழுத்தி டப்பென்று உடைத்துக் காட்டினாள். நான் உடைப்பது அப்படியே. பருப்பை வாயில் போட்டாள். பின்னாலிருந்து ஒரு கிழவி கத்துகிறாள். விதைக்கடலையாம்! இதற்கே கயலை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

வாங்க: சீயக்காய், தீப்பெட்டி, கயலுக்கு ரப்பர் பேண்டு.

ஆனி 16, திங்கள்

காத்து அப்படியே.

ஆலங்குடி பஸ்ஸுக்கு நின்ற பவளம், என் மகன் முருகேசனிடம், பத்துப் பேர் முன்னால்: "ஏப்பா முருகேசு, ஒம் மக எவனோ வெளிநாட்டுப் பயகிட்ட பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பாத்து வச்சுக்க."

கயல் சிரித்தது மூசா சொன்ன ஆட்டுக் கதைக்கு. பவளமும்தான் சிரித்தாள், தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் மகள் சடங்கில் எனக்குப் பாயசம் வராததையும் நான் மறக்கவில்லை. அது வேறு.

மகன் வந்ததும் வராததுமாக: "இனிமே ஹாலுப் பக்கம் போகக்கூடாது." கயல் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் தேவலை.

மகனோடு பேச்சில்லை. குழம்பு மட்டும் ஊற்றினேன்.

ஆனி 21, சனி

புழுக்கம். நாலு மணிக்கு நானே போனேன். சொளகில் விதைக்கடலை, உடைத்த மாதிரியும் இருக்கும். கயல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ரஷீதா: "என்னங்க அப்பத்தா, கயலு வரலையா?"

"நாந்தேன் வந்திருக்கேன்ல. நாற்காலி காலியாவா கெடக்கு?"

சிரித்துவிட்டாள். எழுப்பவில்லை.

கயல் எங்கே என்று ஃபாத்து. காய்ச்சல் என்றேன். பொய்தான். அதற்கே அந்தப் பிள்ளை முகம் விழுந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் அவள் பாட்டியைக் கூட்டி வந்தாள். அன்றைக்குக் கத்திய கிழவி! தலையில் மஞ்சள் துணிக் கட்டு. நல்ல ஆகிருதி. முன்பல் இரண்டு இல்லை. நான் சொன்னதை மேரி இங்கிலீஷில், அதை ஃபாத்து அவர்கள் பாஷையில். இரண்டு வாய் தாண்டிப் போய் இரண்டு வாய் தாண்டி வந்தது.

தேடி வந்தவள் கையில் ஒன்றும் கொடுக்காமல் பேசுவதா? ஒரு கை கடலை அள்ளி நீட்டிவிட்டேன். கை திரையில் இடித்தது.

"அய்யோ அப்பத்தா, அது கண்ணாடி!" மேரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நிமிர்ந்தால் அந்தம்மா இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருக்கிறாள். சிரிக்கவில்லை. வாங்கினாள். வாங்கி, ஒன்றுமில்லாததை, துணி ஓரத்தில் முடிந்துகொண்டாள்.

நடுவில் எத்தனை கடல் இருக்கும்?

ஆனி 22, ஞாயிறு

ஊரெல்லாம் இதே பேச்சு. மகன் சாப்பிடும்போது: "ஆத்தா, நீ எதுக்கு அங்கிட்டுப் போன?"

"அவ எடம் போயிரும்ல."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். அடுத்த சனியும் போவேன். சாகுற மட்டும் போவேன்."

ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்தான். "ஒன்னய விட்டா அந்த டிவிக்குள்ளயே குடி போயிருவ. அவளையே போகச் சொல்லு."

அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம். கயல்.

ஆனி 28, சனி

தூறல். கயல் போனாள். நான் பின்னால் பெஞ்சில்.

காய்ச்சல் விட்டதா என்று ஃபாத்து முதல் கேள்வி. கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை, அப்பா விடவில்லை, எனக்காக அப்பத்தா வந்து உட்கார்ந்தது என்று சொல்லிவிட்டாள். மேரிதான் எனக்குச் சொன்னாள்.

ஃபாத்து தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். போன வருஷம் வரை அவள் அக்காவும் இதே பாயில்தான் உட்காருவாளாம். கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வருவதில்லை. கயல் அந்த அக்கா பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவ்வளவு தூரத்திலும் அப்படித்தானா!

அப்புறம் எதற்கோ இரண்டும் சிரித்தன. இரண்டு தலையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், முட்டிக்கொள்கிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் மன்னித்தவர்கள்: மகன் முருகேசன், இறங்கி வந்தான். பஸ் நிறுத்தத்துப் பத்துப் பேர், பெயரெல்லாம் தெரியும், போகட்டும்.

அப்போது நான் மூணாப்பு, பவளம் ஒண்ணாப்பு. ஆடு மேய்க்க எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். நான் பேசாமல் வந்துவிட்டேன். சிலேட்டைக் கொடுக்கமாட்டேன் என்று பள்ளிக்கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு கதறியவள் அவள்தான். அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், நான் பார்த்தேன். அது தெரிந்தவள் முருகேசனிடம் அப்படிச் சொல்லலாமா?

மாட்டேன். பவளத்தை மட்டும் மாட்டேன்.